எதிர்க்காற்று வலம்

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருபவருக்குப் புண்ணியம். ராமேசுவரம் கடற்கரையில் கட்டணம் கட்டி அதையே செய்பவருக்குப் பெயர், கைட் சர்ஃபிங் கற்கும் மாணவர்.

இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகளில் ஒரு பட்டம், காலில் ஒரு பலகை. பட்டம் இழுக்கிறது, ஆள் பறக்கிறார். பலகையின் விளிம்பை நீரில் அழுத்திக் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஏறத் தெரிந்தவர், கிளம்பிய இடத்துக்கே சவாரியாகத் திரும்புவார். தெரியாதவரைத் தென்மேற்குக் காற்று தனக்குப் பிடித்த ஊரில் இறக்கிவிடும். சவாரி இரண்டு நிமிஷம், மிச்சமெல்லாம் நடை.

அந்த நடை இருக்கிறதே! பட்டம் தலைக்கு மேல் ஆட, பலகை அக்குளில் இடுக்கியிருக்க, நனைந்த இடுப்புக் கச்சை தொடையை அறுக்க, பறக்கும் மணல் கணுக்காலில் ஊசி குத்தும். கிரிவலப் பாதையிலாவது வழியில் மோர்ப்பந்தல் உண்டு. பாதையோர லிங்கங்களில் ஆறாவதாக ஒரு வாயுலிங்கமும் உண்டு, வேண்டிக்கொள்ளலாம். ஆனாலும் அண்ணாமலை அக்னித் தலம். காற்று இலாகா காளத்தியில் இருக்கிறது, மனுவை அங்கேதான் போட வேண்டும்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், ஒரே ஆள் மூன்றாம் முறை கடப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, நடக்கத்தான் வந்தீகன்னா அந்தப் பலகை எதுக்கு?"