ஆயிரம் ரூபாயும் அடியேன் மீசையும்

காசு என்பது கைமாறுவதற்கென்றே பிறந்த வஸ்து என்பதில் எங்கள் ஊரில் எவருக்கும் சந்தேகம் கிடையாது. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்புறமாக, வருண லிங்கத்தையும் மாணிக்கவாசகர் கோயிலையும் தாண்டி வாயு லிங்கத்தை நோக்கிப் போகிற வழியில் அமைந்திருக்கும் அடி அண்ணாமலையில் வாசம் செய்கிறவர்களுக்கு, மாதம் ஒரு முறை பௌர்ணமி இரவில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே காசின் தத்துவத்தை ஆராய்ந்து தெளியும் பாக்கியம் வாய்த்திருக்கிறது. புறப்படும்போதே நூறு ரூபாய் நோட்டை ஒரு ரூபாய்ச் சில்லறையாக மாற்றி மடியில் கட்டிக்கொண்டு வரும் பக்தர், வழிநெடுக உட்கார்ந்திருக்கும் சாதுக்களின் பாத்திரங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறார். அந்தச் சாது, அதே ரூபாயைத் தேநீர்க் கடையில் கொடுக்கிறார். கடைக்காரர் அதைப் பின்னால் வருகிற இன்னொரு பக்தருக்குப் பாக்கிச் சில்லறையாகத் தருகிறார். அவர் அதை அடுத்த லிங்கத்தருகே இன்னொரு பாத்திரத்தில் சேர்ப்பிக்கிறார். இவ்வாறாக, எந்தப் பிரார்த்தனையும் செய்துகொள்ளாத ஒரு சாதாரண ரூபாய், விடிவதற்குள் 14 கிலோமீட்டரையும் சுற்றி முடித்துவிடுகிறது. முழங்கால் வலியைக் காரணம் காட்டி நான் எட்டு வருஷமாகச் செய்யாமல் இருக்கிற காரியம் அது.

இப்படிப்பட்ட ஊரில், எந்தக் கையும் தொடக் கூடாத காசுகளை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, அவற்றை நானுமே தொடாமல் வாழ்ந்து வரும் ஜீவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அவற்றுக்குப் புரூஃப் நாணயங்கள் என்று பெயர். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். அச்சகத்தில் புரூஃப் என்றால் பிழைகள் மலிந்த காகிதம் என்று பொருள். ஆனால் காசடிக்கும் சாலையிலோ அதற்கு நேர் விரோதமான பொருள். ஆதியில் இரண்டும் ஒன்றுதான். புதிதாக வெட்டிய அச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் அடித்துப் பார்த்த சோதனைக் காசுகளே புரூஃப் எனப்பட்டன. அச்சகத்துப் புரூஃப் தன் பழைய யோக்கியதையிலேயே நின்றுவிட, காசுச் சாலையின் புரூஃப் மட்டும் காலக்கிரமத்தில் அந்தஸ்து உயர்ந்து, பிழையே இல்லாத காசு என்னும் பட்டத்தை அடைந்துவிட்டது.

அதன் ஜனனமே விசேஷமானது. சாதாரண ரூபாய் இயந்திரத்தில் ஒரே அடி வாங்கிக்கொண்டு, தன்னைப்போன்ற ஆயிரக்கணக்கான சகோதரர்களோடு மூட்டைக்குள் விழுந்து, ஒருவர்மேல் ஒருவர் உரசிக்கொண்டு உலகத்துக்கு வருகிறது. புரூஃப் காசுக்கோ, அடிப்பதற்கு முன்பே வெறும் உலோக வில்லையை மெருகேற்றுகிறார்கள். அச்சின் சமதளத்தைக் கண்ணாடி போலத் தீட்டுகிறார்கள். உருவம் வரும் பள்ளங்களை மட்டும் சொரசொரப்பாக விடுகிறார்கள். பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடித்து, உறையணிந்த கையால் விளிம்பைப் பிடித்து எடுத்து, கண்ணாடி போன்ற கூட்டில் அடைத்துவிடுகிறார்கள். ஆகவே தளம் முகம் பார்க்கும் கண்ணாடியாகவும், அதில் எழும் உருவம் பனி படிந்தாற்போல வெண்மையாகவும் தோன்றும். மும்பைச் சாலையில் அடித்த புரூஃப் காசில், புழக்கத்துக்கு வரும் காசில் இருக்கும் வைரக் குறிக்குப் பதிலாக, எம் என்னும் எழுத்துப் பொறித்திருக்கும். விரல் பட்டால் வியர்வை அந்தத் தளத்தை அரித்து, ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்று சொல்வார்கள். என் கைரேகையைச் சோதிடர்களே அதிகம் மெச்சியதில்லையாதலால் நானும் அந்த அபாயத்துக்கு உட்படவில்லை.

இந்தப் பித்து எனக்கு வந்த வழி மிகச் சாமானியமானது. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம், நேருவின் உருவத்தோடு 1964ஆம் வருஷம் வெளிவந்த ஒரு ரூபாயும் அரை ரூபாயும். அதில் ஒரு ரூபாயை என் தகப்பனார் செலவழிக்க மனமில்லாமல் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார், நான் செலவழித்துவிட்டேன். அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக, கணக்கு வாத்தியாராக ஓய்வு பெற்ற பிறகு, அரசாங்கம் வெளியிடும் நினைவு நாணயங்களை வாங்க ஆரம்பித்தேன். கணக்கு வாத்தியாருக்கு அவற்றில் ஒரு தனிச் சுவாரசியமும் உண்டு. ரிசர்வ் வங்கியின் பவள விழாவுக்கு 75 ரூபாய் நாணயம் (2010), கொல்கத்தா நாணயச் சாலையின் 60 வருஷத்துக்கு 60 ரூபாய் நாணயம் (2012), ராதாகிருஷ்ணன் அவர்களின் 125ஆவது பிறந்த நாளுக்கு 125 ரூபாய் நாணயம் (2015) என்று, புழக்கத்தில் எங்கும் தலைகாட்டாத தொகைகளெல்லாம் அங்கே காசாக நிற்கும். அண்ணாவின் நூற்றாண்டுக்கு வந்த காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. கருணாநிதி நூற்றாண்டுக்காக 2024இல் வந்த 100 ரூபாய் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழிலேயே பொறித்திருக்கிறார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் சிகரமாக என்னிடம் இருப்பது தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010இல் வெளிவந்த 1000 ரூபாய் நாணயம். 44 மில்லிமீட்டர் குறுக்களவு, 35 கிராம் எடை, 80 விழுக்காடு வெள்ளி. அண்ணாமலையார் சந்நிதியில் குடியிருந்துகொண்டு பிரகதீசுவரருக்குப் பெட்டி வாங்கி வைத்தது பற்றி என் மனச்சாட்சி ஏதும் சொல்லவில்லை. இருவரும் ஒருவரே என்பதால் அது சமாதானமாகிவிட்டது. சமாதானமாகாதவள் என் சகதர்மிணி. ஆயிரம் ரூபாயை வாங்குவதற்கு ஆயிரம் ரூபாயைவிட மிக அதிகமாகக் கொடுத்த ஒரு மனுஷர், முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு லாப நஷ்டக் கணக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பது அவளுடைய கேள்வி. அதற்கு இதுவரை நான் விடை எழுதவில்லை.

2016ஆம் வருஷம் நவம்பர் 8ஆம் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் இனிச் செல்லாது என்ற செய்தி வந்தபோது, அவள் சமையலறையிலிருந்து வந்து அலமாரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “உங்க ஆயிரமும் போயிடுச்சாங்க?” என்றாள். அந்தக் குரலில் துக்கம் இருந்ததாக என்னால் சொல்ல முடியாது. நான் எழுந்து நின்று, செல்லாமற் போனது காகிதம்தான், நாணயமன்று. 2011ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாய்க்குக் குறையாத நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையில் செல்லும். ஆகவே என்னிடம் இருப்பது அந்த உச்சவரம்பைத் தனியொருவனாக எட்டிப் பிடித்த காசு என்று விரிவுரை நிகழ்த்தினேன். “அப்போ நாளைக்குக் காலையில அதக் குடுத்து அரிசி வாங்கிக்கினு வாங்க” என்றாள். பத்து ரூபாய் நாணயத்தையே வாங்க மாட்டோம் என்று எங்கள் வட்டாரக் கடைக்காரர்கள் சிலர் சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்த காலம் அது. பதினான்கு விதமான பத்து ரூபாய் நாணயங்கள் உண்டு, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்ட பிறகும், அவர்கள் காசைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களிடம் ஆயிரம் ரூபாய்க் காசை நீட்டினால் என்னைப்பற்றி என்ன அபிப்பிராயம் கொள்வார்கள் என்பதை நினைத்து, அரிசியைக் கடனாகவே வாங்கி வந்தேன்.

இனி என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காமராசரிடம் அவருக்கு இருக்கும் பக்தி, அண்ணாமலையாரிடம் இருப்பதற்கு ஒரு மாற்றுக் குறைவென்று சொல்லலாம். அதுகூட மலை பக்கத்தில் இருப்பதால்தான். காமராசர் நூற்றாண்டுக்கு வந்த 100 ரூபாய்ப் புரூஃப் காசை ஒருநாள் அவருக்குக் காட்டி, ஒரு வேலையாக வெளியே போனதுதான் என் ஆயுளில் செய்த தவறுகளில் நேருவின் ரூபாய்க்கு அடுத்தது. திரும்பி வந்தபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்து, கூட்டிலிருந்து காசை வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னா மாப்ள, தலைவர் மூஞ்சில இவ்ளோ சாம்பல் பூத்துக் கெடக்குது, அப்படியே வச்சிருக்கீங்க? வெள்ளி வெளக்கு மாதிரி துன்னூறு போட்டுத் தேச்சேன். இப்போ பாருங்க, எப்படிச் சிரிக்கிறாரு!”

பார்த்தேன். நாணயச் சாலையார் பிரயாசைப்பட்டு உண்டாக்கிய பனி வெண்மை முழுவதும் போய், தலைவர் முகம் பளபளவென்று மின்னியது. கண்ணாடியாக இருந்த தளமோ ஆயிரம் கீறல்களோடு மங்கிக் கிடந்தது. பளபளக்க வேண்டியது மங்கி, மங்க வேண்டியது பளபளத்து, புரூஃப் காசின் இலக்கணம் முழுவதும் தலைகீழாகிவிட்டது. சாம்பலைச் சாம்பல் கொண்டே அகற்றிய அந்த அபூர்வ ரசவாதத்தை வியப்பதா, அழுவதா என்று தெரியாமல், “நல்லா இருக்குது அத்தை” என்று சொல்லி வைத்தேன். அது முதல் அந்தக் காசு அவர் பூஜை மாடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மறுபடி விபூதி அபிஷேகம் நடக்கிறது. சிரிப்பும் வாரா வாரம் அதிகமாகி வருகிறது.

அதற்குப் பிறகுதான், இருக்கிற காசுகளையாவது கூட்டைவிட்டு எடுக்காமல் பிறர் பார்க்கும்படி செய்ய ஓர் உபாயம் வேண்டும் என்று தீர்மானித்து, அவற்றைப் புகைப்படம் எடுக்கத் தலைப்பட்டேன். கல்யாணத்தில் படம் எடுப்பதும் கோபுரத்தைப் படம் எடுப்பதும் இதற்கு முன்னால் விளையாட்டு. புரூஃப் காசின் தளம் கண்ணாடியல்லவா? அதற்கு நேர் மேலே காமிராவை நிறுத்தி எடுத்த முதல் படத்தில் பெரிய கோயிலின் விமானம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. அதற்கு வலப்புறத்து ஆகாயத்தில், பனியனும் மூக்குக் கண்ணாடியும் மீசையுமாக நானும் தெளிவாக விழுந்திருந்தேன். இராஜராஜன் ஆயிரம் வருஷத்துக்கு முன் எழுப்பிய ஆலயத்துக்குக் காவல் நிற்கும் துவாரபாலகர்போல் இருந்தது அந்தக் காட்சி.

இந்தத் தொழிலில் ஈடுபட்டவர்கள் சொல்லிக்கொடுத்த வழிகள் பல. காசுக்கும் காமிராவுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்த்து வைத்துப் பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டினால், வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேர் கீழே இறங்கி, காசில் பட்டு மேலே திரும்பி, தளம் வெள்ளை வெளேரென்று வரும். முருகன் படத்துக் கண்ணாடியைக் கழற்றி அதைச் செய்து பார்த்தேன், தளம் வெளுத்தது, கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய குங்குமம் விமானத்தின்மேல் சூரிய கிரகணம்போல் விழுந்தது. இன்னொரு வழி, கருப்புத் துணியை மேலே பிடித்து அதில் ஓட்டையிட்டு, லென்சை மட்டும் அதன் வழியே நீட்டுவது. அப்போது தளம் கருமையாகவும், தாழ்வாக வரும் பக்க வெளிச்சத்தில் உருவம் வெண்மையாகவும் வரும். நிபுணர்கள் மெச்சுவது இதைத்தான். ஆனால் துணி அசையும். நான் மூச்சு விடுவேன். மூச்சில் காசு மங்கும். அதற்குள் ஒரு தூசி. பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் தெருவில் கிளம்பும் தூசியை, கற்பூரக் கரியை நீக்கிவிட்டாலும், ஒரு மண் லாரி அளவு எடை போடலாம்.

மூன்று மாதம் இப்படிக் கழிந்தது. 1896ஆம் வருஷம் இந்த ஊருக்கு வந்து, ‘நான்’ என்பது எங்கிருந்து எழுகிறது என்று விசாரிக்கும்படி உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவர் ரமண மகரிஷி. அவர் வாழ்ந்த ஊரில், பல தேசங்களிலிருந்து வந்த பெரியவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்து எந்த ‘நானை’ அகற்றப் பாடுபடுகிறார்களோ, அதே ‘நானை’ 44 மில்லிமீட்டர் வெள்ளித் தகட்டிலிருந்து அகற்றக் கண்ணை அகலத் திறந்துகொண்டு நான் பாடுபட்டேன். அவர்களுக்கு மீசை ஒரு பிரச்சினையல்ல என்பது மட்டுமே வித்தியாசம். இடப்பக்கம் ஒதுங்கினால் இடக் காது விழுந்தது. முற்றிலும் விலகி நின்று, பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி காமிராவை முடுக்கிவிட்டு ஓடினேன். அந்தப் படத்தில் ஓடுகிற கால் விழுந்தது.

கடைசியில் கைகொடுத்தது இந்த ஊரின் பூகோளமே. எங்களுக்கு மலை கிழக்கே இருப்பதால், ஊரில் மற்றெல்லாருக்கும் சூரியன் உதித்த பிறகும் எங்களுக்குச் சற்று நேரம் உதிப்பதில்லை. வானம் நன்றாக வெளுத்திருக்கும். ஆனால் வெயிலும் இராது, நிழலும் இராது. பாலைப்போல மெத்தென்ற ஒரு வெளிச்சம் மாடியெல்லாம் பரவியிருக்கும். ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், காசை மலையை நோக்கிச் சிறிது சாய்த்து வைத்து, லென்சுக்கு ஓட்டையிட்ட பழைய குடைத்துணியால் காமிராவையும் என்னையும் சேர்த்து மூடிக்கொண்டு, மூச்சை அடக்கி ஒரே ஒரு படம் எடுத்தேன்.

கணினித் திரையில் அது விரிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விமானம் பனிபோல வெண்மை. தளம் கண்ணாடி. என்னைக் காணோம். பனியன் இல்லை, காது இல்லை, கால் இல்லை. அதற்கும் மேலாக, தளத்தின் ஒரு மூலையில், வெளிறிய வானத்தைப் பின்னணியாகக் கொண்டு, கூம்பாக, மெல்லிய கருநிழலாக, சாட்சாத் அருணாசலம் எழுந்தருளியிருந்தது! ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு வடிவம் காட்டும் மலை, தஞ்சாவூர்க் கோயிலுக்குப் பக்கத்தில் எனக்காகவே இந்த வடிவம் காட்டியிருக்கிறது என்று சொல்லி, மனைவியைக் கூப்பிட்டேன், அத்தையையும் கூப்பிட்டேன். அத்தை திரையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனைவி மட்டும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, வெகு நேரம் பார்த்தாள்.

“ஏங்க, இது மலை இல்ல. நீங்க தலையில போத்திக்கினு இருந்தீங்களே, அந்தக் கொடத்துணி. நடுவுல பாருங்க, நீங்க போட்ட ஓட்டை. இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க.”

பெரிதாக்கினேன். மலையின் அடிவாரத்தில், துணி சற்றே விலகியிருந்த இடத்தில், சரியாக அடி அண்ணாமலை இருக்க வேண்டிய ஸ்தானத்தில், என் மீசை இருந்தது.