எதிரே வண்டி வராத மலை

கார் விளம்பரத்தில் மலையேறுகிறவருக்கு எதிரே ஒரு வண்டியும் வருவதில்லை. விறகுக்கட்டு சுமந்த கிழவி ஓரமாக ஒதுங்குவதில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னுக்கு வருவதில்லை. வண்டிக்குள்ளும் ஓட்டுகிறவரைத் தவிர ஆள் கிடையாது. உச்சிக்குப் போனதும் இறங்குகிறார், மேகத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான். அவருக்கு அங்கே என்ன வேலை என்று கடைசிவரை சொல்வதில்லை.

கச்சிராயபாளையத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். எங்கள் ஊரிலிருந்து கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில், நான் சிறுவனாக இருந்த காலத்தில், வேலையில்லாமல் போனவர் யாருமில்லை. என் சித்தப்பா அந்தப் பாதையில் மகேந்திரா ஜீப் ஓட்டினார். சந்தை நாளில் மலையாளிப் பழங்குடி மக்கள் புளியும் கடுக்காயும் சாமையும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பலாக் காலமென்றால் ஜீப்பின் கூரை முழுக்கப் பலா. உள்ளே மடிமேல் மடியாக ஆட்கள், பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி இன்னும் நான்கைந்து பேர். ஏற்றத்தில் இஞ்சின் திணறினால் சித்தப்பா, “கல்லு போடுரா!” என்று கத்துவார். கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பான். எல்லோரும் இறங்கி நடப்பார்கள். ஊற்றுத் தண்ணீர் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றி, சூடு தணிந்ததும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். ராத்திரியில் பிரசவ வலி என்று ஆள் வந்து நின்றால், சித்தப்பா சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே கிளம்புவார். அந்த ஜீப்புக்கு நான் எந்த டிவியிலும் விளம்பரம் பார்த்ததில்லை.

விளம்பரம் வேறு வழியாக வந்தது. 1998இல் சான்ட்ரோ வந்தபோது, காரைச் செய்தது நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில். விற்றவர் மும்பையிலிருந்து ஷாருக் கான். வாய் ஒன்று சொல்ல, தமிழ்க் குரல் வேறொன்று சொல்லும். இந்த விளம்பரங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு: ஆடம்பரப் படகையே காட்டினாலும், “எவ்வளவு கொடுக்கும்?” என்று மைலேஜ் கேட்கிற மாருதி விளம்பரம். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் புது வண்டியைச் சுற்றி நிற்கும் எவரும் கேட்கிற கேள்வி அது. அரை நிமிடமாவது வண்டியை வண்டியாகப் பார்த்தார்கள்.

மற்றவற்றின் கணக்கு எனக்கு விளங்குவதில்லை. கார் வாங்குவதற்கு முந்தைய நாள் வரை முகம் கொடுக்காத மாமனார், சாவியைப் பார்த்ததும் சிரிக்கிறார். அலுவலகத்தில் மேலதிகாரி எழுந்து நிற்கிறார். வேலைக்குப் போகாத மகன் கூடத் திருந்திவிடுகிறான். இத்தனையும் நடப்பது நான்கு சக்கரத்தால். இந்தக் கணக்கை நாம் நம்பியதற்கு நானோவே சாட்சி. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துபோன குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடா யோசித்த கார் அது. 2008 ஜனவரியில் டில்லியில் காட்டினார்கள். விலை ஒரு லட்சம் என்றார்கள். சிங்கூர் நிலப் பிரச்சினை, வண்டிகள் தீப்பிடித்த செய்தி எனப் பல காரணங்கள் சேர்ந்தன. ஆனாலும் ‘மலிவு கார்’ என்ற பெயர்தான் அதைக் கெடுத்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். மழையில் நனையாமல் போகலாம் என்ற நேர்மையான காரணம், மாமனார் சிரிப்பார் என்ற காரணத்தின் முன் நிற்கவில்லை. 2018இல் தயாரிப்பு நின்றது. அந்தக் காருக்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன்.

இந்த விளம்பரங்கள் எங்கள் மலைக்கும் ஏறின. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. மலை வீடுகளுக்கும் 14 அங்குலப் பெட்டி வந்தது. சில குக்கிராமங்களுக்கு ரோட்டுக்கு முன்னால் டிவி போய்ச் சேர்ந்தது. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவரும் ஊரில், ஆற்றைப் பாய்ந்து கடக்கும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி ஓடும்: தேர்ந்த ஓட்டுநர்கள் செய்தது, நீங்கள் முயலாதீர்கள். 1985இல் அமைந்த விளம்பரத் தர கவுன்சில், சாகசம் காட்டும் வாகன விளம்பரங்களில் எச்சரிக்கை படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. அதை முழுசாகப் படித்து முடித்தவரை நான் சந்தித்ததில்லை. அப்படியானால் வாங்குகிறவர் செய்யக்கூடாததைத்தானே அரை நிமிடமும் காட்டுகிறார்கள்?

அந்த விளம்பரங்களைப் பார்த்தவர்கள்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மலையின் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வருகிறார்கள். திறந்த கூரை வழியே பிள்ளைகள் தலையை நீட்டிக்கொண்டு வருகின்றன. திடீரென்று பிரேக் போட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? வளைவில் ஹாரன் அடிப்பதில்லை. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது தெரிவதில்லை. எதிரே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் வந்தால், அது எப்படி இங்கே வந்தது என்பதுபோலப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்த மலையில் மனிதர் இல்லை. அது அவர்கள் குற்றம் மட்டுமல்ல.

அந்த மலையில் மனிதர் உண்டு என்பது நீதிமன்றத்தில் பேசப்பட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கே பேசப்பட்டவற்றில் ரோடும் ஒன்று. கோமுகி அணைக்கு மேலே, பிரதான சாலையிலிருந்து பிரியும் மண் பாதைகளில் மழைக்காலத்தில் எந்த வண்டி ஏறும் என்பது எங்களுக்கு இன்னும் தினசரிக் கேள்விதான்.

சித்தப்பாவின் மகன் சென்ற ஆண்டு கள்ளக்குறிச்சியில் கார் பார்க்கப் போனபோது நானும் போனேன், சித்தப்பாவும் வந்தார். விற்பனைத் தம்பி நல்ல பையன். பொத்தானை அழுத்திக் கூரையைத் திறந்து காட்டினான். பத்து அங்குலத் திரையைக் காட்டினான். உள்விளக்கின் நிறங்களை ஒவ்வொன்றாக மாற்றினான். சித்தப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பின்கதவைத் தட்டினார்.

“ஏம்பா, ஒரு ஆள நீட்டிப் படுக்க வச்சிக் கூட்டியாறதுன்னா பின்சீட்டு மடங்குமா?”

“மடங்குங்க ஐயா. ஆனா நீளம் எவ்வளவுன்னு...” பையன் கையிலிருந்த வழவழப்பான புத்தகத்தைப் புரட்டினான். அதில் லக்கேஜ் எத்தனை லிட்டர் என்று இருந்தது. உள்ளே ஓடி டேப் எடுத்துவந்து, சீட்டை மடக்கி, மண்டியிட்டு அளந்தான்.

“அஞ்சடி வருதுங்க ஐயா.”

“கால மடக்கிக்கலாம்,” என்றார் சித்தப்பா. “அடியில தரைக்கும் வண்டிக்கும் எவ்ளோ இருக்குன்னு அதையும் அள.”