லோடு செல் மாற்றம் – மறுமுத்திரை – குதிரை ஏற்பாடு – தொடர்பாக

பெறுநர்: சட்டமுறை எடையளவு அதிகார பீடம், சமவெளி.
பார்வை: சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009.

கும்பக்கரையிலிருந்து மலையேறி வட்டக்கானல் வழியாகக் கொடைக்கானலை எட்டும் பழைய நடைபாதையின் இடையில் அமைந்ததும், காப்பியும் மிளகும் குதிரை முதுகில் இறங்கிப் பழகியதும், ஊருக்குள் எவரும் செருப்பணியாததுமான வெள்ளகவியில், மூட்டை கட்டுவதற்கான மின்னணுத் தராசு ஒன்று நாளை வைக்கப்பட்டு, மறுநாளே அதன் லோடு செல் பழுதாகுமானால் என்னென்ன நிகழ வேண்டியிருக்கும் என்பதை அதிகார பீடம் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இவ்விண்ணப்பம் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.

லோடு செல் என்பது தராசு மேடையின் அடியில் பாரம் தாங்கும் உலோகக் கட்டை. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைய, அதன்மீது ஒட்டப்பட்டுள்ள ஸ்ட்ரெயின் கேஜ் என்னும் மெல்லிய கம்பிப் படலத்தின் மின்தடை மாறி, அம்மாற்றம் சில மில்லிவோல்ட் அளவிலான மின்னழுத்தமாகி, இண்டிகேட்டரில் கிலோவாகத் தெரிகிறது. மூட்டையை இறக்கி வைக்காமல் தொப்பென்று போடும் பழக்கத்தால் கட்டை நிரந்தரமாக வளைந்துவிட்டால் வெறும் மேடையே எடை காட்டும். மலையின் ஈரம் உள்ளே புகுந்தால் எண் ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

மாற்றுகிற வேலை பெரிதன்று. அதே கொள்ளளவும் அதே மின்னுணர்திறனும் உடைய புதிய செல்லை, அதன் மேலுள்ள அம்புக்குறி பாரம் இறங்கும் திசையைக் காட்டும்படி பொருத்தி, மின்சாரம் ஊட்டும் இரண்டு ஒயர்களையும் சமிக்ஞை கொணரும் இரண்டு ஒயர்களையும் முறைப்படி இணைக்க வேண்டும். சமிக்ஞை ஒயர்கள் இடம் மாறினால், மூட்டை ஏற ஏற எடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். கொள்முதல் செய்வோர் சிலருக்கு அதுவே உகந்த தராசாகப் படக்கூடும். பிறகு வெறும் மேடையில் பூஜ்யத்தையும், எடைக்கல் வைத்து ஸ்பேன் எனப்படும் முழு வீச்சையும் திருத்திவிட்டால் தராசு சரியாகிவிடும். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் தராசாகாது; ஏனெனில் பழுதுபார்ப்பவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டுமென்பதோடு, முத்திரைக் கம்பி அறுக்கப்பட்ட கருவி மறுபடி சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட்ட பின்னரே பயன்படுத்தத்தக்கது. இவ்விதி மிக நல்ல விதி என்பதில் வெள்ளகவிக்கு ஐயமில்லை. 60 கிலோத் தராசைச் சோதிக்க 20 கிலோ எடைக்கற்கள் மூன்றும், அவற்றோடு ஆய்வாளரும் எந்தக் குதிரையில் வருவார்கள் என்பதே ஐயம்.

தராசையே அடிவாரத்திலுள்ள பெரியகுளத்துக்கு இறக்கிவந்தால் என்ன என்று அதிகார பீடம் வினவலாம். பழைய கோல் தராசு பொருளை எடைக்கல்லோடு ஒப்பிடுவதால் எந்த மலையிலும் ஏமாறாது. லோடு செல்லோ பொருளை அறியாது, பூமி அதை இழுக்கும் விசையை மட்டுமே அறியும். உயரம் கூடக்கூட அவ்விசை குறைவதால், பெரியகுளத்தில் திருத்தப்பட்ட தராசைச் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் வைத்தால் 50 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 20 கிராம் குறைத்துக் காட்டும். இடையிலுள்ள வெள்ளகவியில் அந்தக் குறைவு அதற்கேற்பச் சிறியது. 10 கிராம் பிரிவுடைய மூன்றாம் துல்லிய வகுப்புத் தராசுக்கு அந்த எடையில் முத்திரையிடும்போது அனுமதிக்கப்படும் பிழையோ 15 கிராம். ஆகவே அடிவாரத்தில் யோக்கியமாக இருந்த கருவி, எவரும் கைவைக்காமலேயே, கொடைக்கானல் வரை மலை ஏறிய களைப்பில் வரம்பு மீறிவிடுகிறது. போகும் வழியில் தேனி மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளும் அது நுழைந்துவிடுவதால், எந்த மாவட்டத்துப் புவியீர்ப்பு செல்லும் என்பதும் தெளிவுபடுத்தப்பட வேண்டும்.

இந்த 20 கிராமுக்குக் காட்டப்படும் கண்டிப்பு, முத்திரை பளபளக்கும் தராசின் பக்கத்திலேயே சாக்குக் கழிவென்றும் ஈரக் கழிவென்றும் வாய்மொழியாகக் கிலோக்கணக்கில் தள்ளப்படும் எடைக்கும் நீளாதா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். பொட்டலப் பொருள் விதிகளின்படி கடையில் வாங்கும் காப்பித்தூள் பாக்கெட்டில் உறையின் எடை சேராத நிகர எடை அச்சிடப்பட்டே ஆக வேண்டும். அந்தக் காப்பியை விளைவித்தவர் விற்கும்போது மட்டும் சாக்கின் எடையை வியாபாரியின் மனமே நிர்ணயிக்கிறது. லோடு செல்லை மாற்ற நான்கு ஒயர்கள் போதும். அந்த மனத்தை மாற்றுவதற்கு உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

எனவே, ஆண்டுக்கொரு முறை முத்திரைக்கு வரும் ஆய்வாளருக்குக் குதிரைப் படியும், ஊரெல்லையில் காலணியைக் கழற்றிவைக்க உரிய மேலிட அனுமதியும், கழிவுக்கென ஒரு தனி முத்திரையும் வழங்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

நகல்:
1. குதிரை உரிமையாளர்கள் – தகவலுக்காக.
2. புவியீர்ப்பு விசை – உரிய நடவடிக்கைக்காக.