லாரேயின் வண்டியும் துரையின் லோரியும்

இருநூறு வருஷத்துக்கு முந்திய போர்க்களத்தில் குண்டடிபட்ட சிப்பாய்க்கு ஒரே ஒரு வேலைதான்: சண்டை முடிகிறவரை சாகாமல் கிடப்பது. முடிந்தபிறகு யாராவது வந்து பார்ப்பார்கள். 1792-இல் பிரெஞ்சுப் படையில் இருந்த டாக்டர் லாரேக்கு இது பொறுக்கவில்லை. சண்டை நடக்கும்போதே ஆளைத் தூக்கிவரக் குதிரைவண்டி கேட்டார். ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ பிறந்தது. ஜெனரலா சிப்பாயா என்று பார்க்காதே, காயம் யாருக்குப் பெரிதோ அவனை முதலில் ஏற்று என்பது அவருடைய சட்டம். பிற்பாடு நெப்போலியனோடு எகிப்துக்குப் போனபோது ஒட்டகத்திலும் ஏற்றினார். அந்தக் குலுக்கலுக்குக் குண்டே தேவலை என்று சிலர் நினைத்திருக்கலாம்.

வண்டி சிலாங்கூருக்கு வந்தது. அந்தச் சட்டம் மட்டும் வரவில்லை.

1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். சில மாதங்களிலேயே மலேரியா அதை மூடப் பார்த்தது. கிள்ளான் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை விரட்டினார். அப்புறம்தான் ரப்பர்க் கம்பெனிகளுக்கு ஞானம் பிறந்தது: கொசு குடிப்பது லயத்துக்காரன் ரத்தம் என்றாலும், இளைப்பது லண்டன் பங்குதாரரின் லாபம். உடனே கருணை பொங்கியது. விடிவதற்கு முன் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, கொயினாவை விழுங்க வைத்து, அதன்பிறகே பால்வெட்ட அனுப்பினார்கள். கசப்பைக் கடைவாயில் ஒதுக்கிவைத்து, மரத்தடியில் துப்பிய வீரர்களும் உண்டு.

1923-இல் தொழிலாளர் சட்டம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் டிரஸ்ஸர்களும் அதன் கண்காணிப்பில் வந்தார்கள். டிரஸ்ஸர் என்றால் சாதாரண ஆளா? டாக்டர் எப்போதாவது காரில் வந்து போகும் விருந்தாளி. மற்ற நாளெல்லாம் பிரசவம், பாம்புக்கடி, உளி கிழித்த கை, கள்ளுக்கடைச் சண்டையில் உடைந்த மண்டை எல்லாம் இவர் தலையில்தான். இவ்வளவுக்கும் மேலே கம்பெனி கொடுத்த ரகசிய உத்தியோகம் ஒன்று: வந்தவனுக்கு நிஜமாகவே காய்ச்சலா, வேலைக்கு மட்டம் போட நடிக்கிறானா என்று கண்டுபிடிப்பது. தெர்மாமீட்டரை நம்பியவர் நல்ல டிரஸ்ஸர். கங்காணியை நம்பியவரைப் பற்றி லயத்தில் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது.

டிரஸ்ஸரின் கை மீறினால் வெளி ஆஸ்பத்திரி. அதற்கு ஆம்புலன்ஸ்? தோட்டத்து லோரிதான். துரைக்குத் தலைவலி என்றால் கார் பறக்கும். தொழிலாளிக்கு வலிப்பு என்றால் கிராணியிடம் சொல்லி, கிராணி துரையிடம் சொல்லி, டிரைவரைத் தேடி, பால் இறக்கியாகிவிட்டதா என்று பார்த்து... லாரே பார்த்திருந்தால் ஒட்டகத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

நமக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று குமுற வேண்டாம். 1966 வாக்கில்கூட அமெரிக்காவின் ஆம்புலன்ஸ்களில் பாதியை ஓட்டியவர்கள் பிணம் அடக்கம் செய்யும் கடைக்காரர்கள். நோயாளி பிழைத்தாலும் வாடகை, பிழைக்காவிட்டாலும் வியாபாரம். லண்டனும் ஒன்றும் ஒழுங்கில்லை. 1935-இல் ஒரு வீடு பற்றி எரிந்து ஐந்து பெண்கள் செத்தார்கள். டெலிபோன் செய்த அண்டைவீட்டுக்காரரை எக்ஸ்சேஞ்ச் காக்க வைத்தது. அதற்குப் பிறகுதான், 1937-இல், 999 வந்தது.

நம் ஊரில் 999-க்குப் பக்கத்திலேயே தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 என்று தனித்தனி எண்கள் இருந்தன. வீடு எரியும்போது ஞாபகசக்திக்கும் பரீட்சை. 2007-இல்தான் எல்லாவற்றையும் 999-க்குள் அடக்கினார்கள்.

இன்று சிலாங்கூரின் புக்கிட் செந்தோசாவைச் சுற்றி ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. துரையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பல ரோடுகளுக்குப் பூப்பெயர். அதிலும் 1ஏ, 1பி என்று கிளைகள். ராத்திரி வருகிற டிரைவருக்கு எல்லாம் ஒரே தோட்டம். ஆகவே 999-ஐக் கூப்பிட்டால் “அம்மாவுக்கு முடியலை, சீக்கிரம் வாங்க” என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். ரோட்டுப் பெயர், வீட்டு நம்பர், பக்கத்தில் இருக்கிற கோயில் அல்லது சூராவ், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொன்னபிறகு வையுங்கள். வீட்டில் சும்மா நிற்கிற மாப்பிள்ளை யாராவது இருந்தால், டார்ச்சோடு முச்சந்தியில் நிற்க அனுப்புங்கள்.