சைபர் கிரெடிட்டுக்கு ஒரு யோசனை

வா பேராண்டி, குந்து. மூணாம் வருஷம் வந்துட்டே, எந்தப் பாடம் எடுக்கலாம்னு என்னை வந்து கேக்கறே. மதகு தொறந்து மூடின ஆளுக்கிட்ட யோசனை கேக்கிற அளவுக்கு உன் காலேஜு இருக்குது. சரி, சொல்றேன்.

அந்தப் பட்டியலை இன்னொரு தரம் படி. அண்ணா பல்கலைக்கழகத்துல 2021 ஒழுங்குமுறைன்னு ஒன்னு போட்டாங்களே, அதைப் போட்டவர் பெரிய குறும்புக்காரர். பாடம் கட்டாயம், கிரெடிட் சைபர். மகளிர் பாலின ஆய்வு, இலக்கியம், சினிமா ரசனை, பேரிடர் மேலாண்மை. நாலுல ஒன்னு.

சினிமாவா, வெள்ளமா? இதுக்கு யோசனை வேற வேணுமா? சினிமா எடுடா. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் ஏரியிலேர்ந்து நொடிக்கு 29,000 கன அடி தொறந்துவிட்டானே, அப்ப நீ டவுசர் பையன். ஸ்ரீபெரும்புதூர் ஏரி ரொம்பி வழிஞ்சா அந்தத் தண்ணி செம்பரம்பாக்கத்துக்குத்தான் போவும்னு இங்க எத்தினி பேருக்குத் தெரியும்? தெரியாத வரைக்கும் நல்லது. தெரிஞ்சா மனை வாங்க வர்றவன் பத்திரத்தை ஓரமா வச்சிட்டு, "கால்வாய் எங்க?"ன்னு கேப்பான். உங்க மாமன் புரோக்கர் வேலை பாக்கிறான், அவன் பொழைப்பைக் கெடுக்காதே.

அடுத்த பட்டியல் இன்னும் தமாஷு. யோகா, ஆயுர்வேதம், சித்தா எல்லாம் சேர்ந்து ஒரு பாடம். இந்தியாவுல அறிவியல் வளர்ந்த கதை ஒன்னு. அரசியல் பொருளாதாரச் சிந்தனை ஒன்னு. அரசும் தேசமும் ஒன்னு. கடைசியில, தொழிற்சாலைப் பாதுகாப்பு! இருங்காட்டுக்கோட்டையில காரு, ஒரகடத்துல லாரியும் புல்லட்டும், சுங்குவார்சத்திரத்துல போனு, பிரிட்ஜு. அதுக்கெல்லாம் பாகம் அடிச்சுக் குடுக்கிற சின்னச் சின்ன ஷெட்டு சந்துக்குச் சந்து. இந்த மண்ணுல வேலைக்கு நிக்கப்போற பையனுக்குப் பாதுகாப்புங்கறது இஷ்டமிருந்தா. வேணாம்னா பிராணாயாமம்.

என்னைக் கேட்டா பிராணாயாமமே எடு. ஏன்னு சொல்றேன். பிரஸ் மிஷின்ல ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் சேர்த்து அமுக்கினாத்தான் டை எறங்கும். கை ரெண்டும் பட்டன்மேல இருந்தா விரல் உள்ள போவாது, அவ்வளவுதான் சூட்சுமம். டார்கெட்டு ஏறலேன்னு ஒரு பட்டனை டேப்பு சுத்திக் கட்டிப்போடற ஆளுங்க உண்டு. பாதுகாப்பு படிச்சவன் அதைப் பாத்துட்டு, "யார் கட்டினது?"ன்னு கேட்டுத் தொலைப்பான். மூச்சை இழுத்து அடக்கப் படிச்சவன் ஒன்னும் கேக்கமாட்டான். எவன் சீக்கிரம் சூப்பர்வைசர் ஆவான், நீயே சொல்லு.

அரசும் தேசமும் பக்கமே போயிடாதே. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சாம்சங் ஆளுங்க வேலைநிறுத்தம்னு வெளிய வந்தாங்களே, 37 நாள் நடந்துது. கூலி ஒரு பக்கம். எங்க சங்கத்தைப் பதிவு பண்ணுங்கறது முக்கியமான கோரிக்கை. தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், நம்ம காலத்துல இப்படி இழுத்துது. அடுத்த வருஷம் ஜனவரியிலதான் பதிவாச்சு. நாளைக்கு நீ மேசைக்கு இந்தப் பக்கம் குந்தப்போறவன். அந்தப் பக்கம் நிக்கிறவன் என்னா கேக்கறான்னு புரிஞ்சுட்டா உனக்குத் தூக்கம் வராது.

முதல் வருஷம் 'தமிழரும் தொழில்நுட்பமும்'னு ஒன்னு படிச்சியே. 2022-23-லேர்ந்து வச்சிருக்காங்களாம், ஒரு கிரெடிட்டு. குமிழித் தூம்புங்கற பழைய மதகைப் பத்தி ஒரு பக்கம் எழுதி மார்க்கு வாங்கினே. ஏரிக்குள்ள ரெண்டு கல்தூணு, நடுவுல கல்மூடி. மேல நீரோடித் துளை, கீழ சேறோடித் துளை. முங்கி மூடியைத் தூக்கினா தண்ணியோட சேறும் சேர்ந்து வெளியேறும். சோழன் காலத்து வேலை. தூர் வார டெண்டர் விட வேண்டியதில்லை. அதனாலயே இப்ப எவனும் அதைக் கட்டறதில்லையோ என்னவோ. அவ்வளவு எழுதின நீ, அன்னிக்கு நம்ம ஏரிக்குள்ள நிக்கிற ரெண்டு கல்லைக் காட்டி, "தாத்தா, வாலிபால் நெட்டு கட்டவா நட்டாங்க?"ன்னு கேட்டியே. பாஸ் ஆனவன்னா நீதாண்டா.

மார்க்குக்காகப் படிக்காத ஆளும் உண்டு. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல 1017-ல பொறந்த ராமானுஜர், ஸ்ரீரங்கத்துலேர்ந்து திருக்கோஷ்டியூருக்கு 18 தடவை நடந்தாராம், ஒரே ஒரு மந்திரத்துக்கு. கிரெடிட்டு எவ்வளவுன்னு கேட்டதா எந்தக் குருபரம்பரையிலயும் சேதி இல்ல. கெடைச்சதும் கோபுரத்துல ஏறி எல்லாருக்கும் சொல்லிட்டாராம். நீ அப்படியெல்லாம் பண்ணிடாதே. உன் சீனியர் நோட்ஸைக் காசுக்கு வித்துக்கினு இருக்கான், பாவம்.

ஆக, சினிமா, பிராணாயாமம். முடிவாச்சா? ரொம்ப நல்லது.

போறப்ப ஒரு காரியம் பண்ணு. நீ எடுக்காத அந்தப் பாதுகாப்புப் பாடத்துக்கு உங்க லைப்ரரியில புத்தகம் சும்மாத்தான் கெடக்கும், எடுத்துக்கினு வா. எதிர் வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் போன வாரந்தான் பிரஸ் ஷாப்புல கான்ட்ராக்டுக்குச் சேர்ந்திருக்கானுங்க. எனக்குக் கண்ணு தெரியல, இங்கிலீசும் வராது. சாயங்காலம் ஷிப்டு பஸ்ஸு வந்ததும் திண்ணையில குந்தி, அவனுங்களுக்குத் தமிழ்ல சொல்லிக் குடு. டீ நான் வாங்கித் தரேன். கிரெடிட்டு மட்டும் கேக்காதே.