லிட்டருக்கு எவ்வளவு?

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், மோட்டார் அறைக்கும் தூணுக்கும் நடுவே, சாம்பல் நிறப் போர்வைக்குள் ஒன்று படுத்திருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் கோயில் வாகனம் என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஒருவகையில் சரிதான். அதுவும் வருஷத்தில் சில நாள்தான் வெளியே வரும். வரும்போது நாலு பேர் பிடிக்க வேண்டும். சத்தம் முன்னால் வரும், வாகனம் பின்னால் வரும். ஊரைச் சுற்றிவிட்டு இருந்த இடத்துக்கே திரும்பிவிடும்.

அதன் உபயதாரர் மூன்றாவது மாடிக்காரர். சென்னையில் முக்கால்வாசி அடுக்ககங்களில் இப்படி ஒருவர் இருப்பதால் பெயர் எதற்கு, 'நம்மவர்' என்றே வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்துநாலு. வீட்டுக்கடன் முடியும் தறுவாயில் இருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு. சில வருஷங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் முதன்முதலாக இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் வந்தன. அதைப் பார்த்தவுடன் மற்றவர்கள் நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்குவார்கள். நம்மவர் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கத் தொடங்கினார்.

தீர்மானித்ததிலிருந்து வாங்கியது வரை ஒன்றரை வருஷம். தன்னைப் பெண் பார்த்து முடிவுசெய்ய மூன்று வாரம்தான் எடுத்துக்கொண்டார் என்று அவர் மனைவி இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்.

ஃபேரிங் வைத்த வண்டி கூடாது என்பது முதல் முடிவு. "இன்ஜினைப் பிளாஸ்டிக்ல மூடி மறைக்கிற வண்டி நமக்கு ஒத்துவராது சார். சைலன்ஸர் குழாய் வளைஞ்சு வர்றது கண்ணுக்குத் தெரியணும்." இந்த இனத்துக்கு வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் நேக்கட் பைக். மகள் இதைத் தன் பாட்டிக்குத் தமிழில் விளக்கியபோது வீட்டில் சின்னக் கலவரம். "பதினாலு லட்சம் வாங்கிண்டு, மேலுக்கு ஒரு துணிகூட இல்லாமயா குடுக்கறான்?" என்று கேட்டார் பாட்டி. பிற்பாடு நம்மவர் அந்தச் சாம்பல் போர்வையை வாங்கி மூடியபோது, "இப்பதான் லட்சணமா இருக்கு" என்று சொன்னவரும் அவர்தான். குடும்பத்திலிருந்து வண்டிக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

"புல்லட் வாங்கிடலாமே" என்று நான் கேட்டேன். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்த நாளிலிருந்து திருவொற்றியூர் உப்புக் காற்றில் வளர்ந்த வண்டி, ஊர்ப்பாசம் வேண்டாமா? அவர் சொன்ன காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. புல்லட்டை எங்கே நிறுத்தினாலும் ஒரு பெரியவர் வந்துவிடுவார். தன் மாமா வைத்திருந்த புல்லட்டைப் பற்றி ஆரம்பிப்பார். "அந்தக் காலத்துல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல, தெரியுமோ?" என்பார். கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும். நம்மவர் பதினாலு லட்சம் செலவழிப்பது பிறர் சொல்லிக் கேட்பதற்காக அல்ல.

அவர் சொல்ல, நாங்கள் கேட்டோம். லிஃப்டில், மொட்டைமாடியில், ஒருமுறை ஒரு துக்க வீட்டு வாசலில். "1985-ல யமஹா வி-மேக்ஸ்னு ஒண்ணு விட்டான் சார். 1198 சிசி. டேங்குக்கு ரெண்டு பக்கமும் காத்து உறிஞ்சுற மாதிரி பெரிய மூக்கு. ஆனா ரெண்டுலயும் ஓட்டை கிடையாது. சும்மா மிரட்டுறதுக்கு!" இருபது வருஷத்துக்கு மேல் கழித்து 1679 சிசியில் புது வி-மேக்ஸ் வந்தபோதுதான் அந்த மூக்கில் மூச்சு ஓடியதாம். அடுத்தது டிரையம்ஃப் ராக்கெட் 3. 2019-இல் வந்த மாடலில் 2458 சிசி. "மூணே சிலிண்டர் சார். ஒரு சிலிண்டர் 819 சிசி. மாருதி 800 காரோட மொத்த இன்ஜினே 796 தான்!" வீட்டுக்கு வந்து கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரி. 50 சிசி மொபெட்டுகள் நாற்பத்தொன்பதை ஒன்றாகக் கட்டினாலும் எட்டு சிசி இடிக்கிறது.

டார்க் என்றால் என்ன என்று தெரியாமல் எங்கள் அடுக்ககத்தில் இன்று ஒருவரும் இல்லை. வண்டியைப் பற்றி அவர் சொன்னவற்றில் எனக்கு முழுசாகப் பிடித்தது இந்த விளக்கம் ஒன்றுதான். "மிக்ஸி இருக்கே, அது சுத்து. கிரைண்டர் இருக்கே, அது டார்க். மிக்ஸி ஊர் அதிர கத்தும், நாலு கரண்டி சட்னி அரைக்கும். கிரைண்டர் மெதுவாத்தான் சுத்தும், ஒரு படி உளுந்தைப் போட்டாலும் முனகாது. மஸில் பைக்குங்கறது கிரைண்டர் சார்." இதைக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டாவது மாடி மாமி, "அப்போ கோயமுத்தூர்லயே வாங்கிடலாமே" என்றார்.

இத்தனையும் சொன்னவர் கடைசியில் வாங்கியது ராக்கெட் அல்ல. ஆயிரத்துச் சொச்சம் சிசி, நூறு குதிரைக்கு மேல், பின் டயர் மட்டும் 190 மில்லிமீட்டர் அகலம். கம்பெனிப் பெயர் வேண்டாம். சர்வீஸ் சென்டர் மானேஜர் என் தங்கை வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். லைஃப் டாக்ஸ் கட்டிய பணத்தில் ஒரு புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். ஆனால் 2025 செப்டம்பரில் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளைக் கோலா பானங்களோடு ஒரே பந்தியில் உட்கார வைத்து 40 சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்களே, அன்று மாலை நம்மவர் எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். "நான் வாங்கினப்ப செஸ்ஸோட சேத்து முப்பத்தொண்ணுதான் சார்!" அந்த வண்டியால் அவர் பார்த்த லாபம் அதுவரைக்கும் அது ஒன்றுதான்.

இப்படிப்பட்டதை ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். நம் சட்டத்தின் கண்ணுக்குக் கியர் வைத்த மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றே. 1999-இல் சித்தப்பாவின் ஸ்பிளெண்டரை இரவல் வாங்கி, ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டாரே, அந்த எட்டு இதற்கும் செல்லும். அதே எட்டை இந்த வண்டியில் போடச் சொன்னால் ஒரு சுழி மைதானத்திலும் மறு சுழி பக்கத்துத் தெருவிலும் விழும்.

டெலிவரி நாளன்று குடும்பத்தோடு போனார்கள். குருக்கள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நம்மவர் கிளட்சை விட்ட பயபக்தியில் பழம் நசுங்கவில்லை. வழுக்கி, எகிறி, ரசீது புத்தகத்தோடு நின்றிருந்த பையனின் முழங்காலைத் தாக்கியது. பாட்டி அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டார்.

அப்புறம் சேலைக் கம்பி விவகாரம். பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் ஒன்று. நூறு கோடிப் பேருக்கு மேல் உள்ள நாட்டில் சேலை நுனியைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஆனால் முறுக்கேறிய அந்த வண்டியில் வெள்ளிக் கம்பி வளையம், மல்யுத்த வீரன் காலில் கொலுசு கட்டியதுபோல இருந்தது. இரண்டாம் நாளே நம்மவர் அதைக் கழற்றிப் பரணில், கொலுப்படிகளுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் மனைவி பட்டுச்சேலையில் இறங்கி வந்தார். கபாலீஸ்வரர் கோயில். பின் சீட்டைப் பார்த்தார். அது பஞ்சாங்கம் அளவுக்கு இருந்தது. "இதுல நான் உக்காரணுமா, இல்ல பூக்கூடையை மட்டும் வெக்கணுமா?" கம்பி பரணிலிருந்து இறங்கியது. இருந்தும் போனது வண்டியில், திரும்பியது ஆட்டோவில். ஆட்டோவுக்குப் பின்னாலேயே நம்மவர் நூறு குதிரைகளோடு மெதுவாக வந்தார்.

மெதுவாக என்பதைக் கவனியுங்கள். முதல் கியரிலேயே நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் வண்டி அது. சென்னைக்கு அந்த ஒரு கியரே அதிகம். மற்ற ஐந்தும் எண்ணெய்க்குள் குளித்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில் தொண்ணூறு விநாடி நின்றால் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழன்று, உள்ளே இருக்கும் அனலையெல்லாம் வாரி அவர் தொடைகளில் கொட்டும். ஊருக்குக் கத்திரி வெயில் மே மாதம் மட்டும். நம்மவர் டிசம்பரிலும் அதன் மேலேயே உட்கார்ந்து போகிறார். மேம்பால நிழல் எங்கெங்கே எத்தனை மணிக்கு விழும் என்பது அவருக்குத்தான் தெரியும். நிறுத்துமிடத்தைச் சாய்வு பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார். பையில் எப்போதும் ஒரு தகர டப்பா மூடி இருக்கும். வெயிலில் இளகிய தார்ச்சாலையில் சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி சரிந்துவிடாமல் அடியில் வைக்க. சிங்கத்தை அடக்கப் போகிறேன் என்று கிளம்பியவர், அதற்குத் தடுக்குப் போட்டு உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார்.

கொத்தமல்லி, பால், மாவு, மகளின் டியூஷன் எல்லாம் மனைவியின் ஸ்கூட்டரில்தான். ஹெல்மெட் மட்டும் பைக்குடையது. கொத்தமல்லிக் கட்டு ஹாண்டிலில் ஆட, கறுப்புக் கண்ணாடி இறக்கிவிட்ட விண்வெளி வீரர் ஒருவர் முப்பதில் போவதை எங்கள் தெருவில் தினமும் பார்க்கலாம்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது அந்தக் கேள்வி. வண்டியைச் சுற்றி வருவார்கள், குனிந்து பின் டயரைத் தொட்டுப் பார்ப்பார்கள், நிமிர்ந்ததும் கேட்பார்கள்: "லிட்டருக்கு எவ்வளவு சார் குடுக்கும்?" வாட்ச்மேன் கேட்டார், இஸ்திரி போடுபவர் கேட்டார், ஹெல்மெட் சோதனைக்கு நிறுத்திய போக்குவரத்துக் காவலர் எல்லாத் தாள்களையும் பார்த்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். டார்க்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆரம்பத்தில் நம்மவர், "அதெல்லாம் பாத்தா இந்த வண்டி வாங்க முடியாதுங்க" என்று நிமிர்ந்து நிற்பார். ஆறாம் மாதம் "ஹைவேல இருபது" ஆனது. மனைவிக்கு மட்டும் இருபத்தைந்து என்று சொல்லப்பட்டிருக்கிறது. உண்மை பதினைந்து. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பங்க்கில் அவர் பர்ஸை மறந்துவிட்ட அன்று நான்தான் கொடுத்தேன்.

அந்தக் கடனுக்கு வட்டியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். விடிகாலை நாலேமுக்கால். வண்டி உறுமியதும் 'ஏ' பிளாக் குழந்தை அழுதது; செயலாளர் வீட்டில் விளக்கு எரிந்தது; கிளம்பிவிட்டோம். ஈ.சி.ஆரில் அக்கரையைத் தாண்டி ஓர் இடத்தில், சாலை வெறிச்சென்று இருந்தபோது, கொஞ்சம் முறுக்கினார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சில விநாடிகள் என்னுடைய ரத்தப் பரிசோதனையும் மறந்துபோனது. சத்தம் கூடக் கூட வயிறு பின்தங்கி, நான் முன்னால் போனேன். எதிரே இருட்டு கிழிந்துகொண்டே வந்தது. கிரைண்டர்தான், சந்தேகமில்லை.

அதற்குள் காற்று வந்துவிட்டது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; அறுபதில் தள்ளுவதைப்போல நூற்றிருபதில் நாலு மடங்கு தள்ளும். மறைக்க ஃபேரிங் இல்லாத வண்டியில் அந்த நாலு மடங்கையும் ஓட்டுபவரின் நெஞ்சுதான் வாங்க வேண்டும். ஃபேரிங் கூடாது என்ற கொள்கையோடு அரை நிமிஷம் போராடிவிட்டு எழுபதுக்கு இறங்கினார். "நேக்கட்ல இருக்குற சுகமே இந்தக் காத்துதான் சார்" என்று திரும்பிக் கத்தினார், கழுத்தைத் தடவிக்கொண்டே.

கோவளம் பக்கம் ஒரு டீக்கடை. கொஞ்சம் இறக்கம், கொஞ்சம் மணல். முன்சக்கரம் கடைப் பக்கம் பார்க்க நிறுத்தினார். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் தெரிந்தது, வண்டியில் முன்னால் போக ஆறு கியர், பின்னால் வர ஒன்றுகூட இல்லை. மேலே உட்கார்ந்து காலால் உந்தினார். கால் மணலில் ஓடியது, வண்டி ஓடவில்லை. அன்றைக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் நான்கு பேர்: டீ மாஸ்டர், பால் கொண்டுவந்த பையன், நான், அப்புறம் மீன் பெட்டியோடு எக்ஸெல் மொபெட்டில் வந்து இறங்கிய ஒரு பெரியவர். "ஏலேலோ" சொல்லாத குறை. சாலைக்கு இழுத்து ஏற்றி நிறுத்தியதும் பெரியவர் கையைத் தட்டிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்று வந்து, குனிந்து பின் டயரை அமுக்கிப் பார்த்தார்.

"எவ்ளோ தம்பி குடுக்கும்?"

நம்மவர் முதலில் கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தவன் பக்கத்திலேயே நிற்கும்போது என்னதான் செய்வார்?

"பதினஞ்சு."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் கையைப் பிடிப்பதுபோல அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தன் வண்டிப் பக்கம் நடந்தார். நம்மவரும் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்.

"உங்களுது எவ்ளோ தருதுண்ணே?"

"அறுவது வரும். பொட்டி இல்லாட்டி இன்னும் கூட வரும்."

நம்மவர் அந்த எக்ஸெல்லை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து, பின் டயரைத் தொட்டுப் பார்த்தார்.