அரண்மனையை ஓட்டலாக்க ஆறு யோசனைகள்

அண்ணாச்சி, கையில் பணம் புரளுகிறது, பழைய அரண்மனை ஒன்றை ஓட்டலாக்க ஆசை. தப்பில்லை. ராஜஸ்தானில் 1464-இல் எழுந்த நீம்ரானா கோட்டை 1991-இல் ஓட்டலாகத் திறக்கவில்லையா? நம்ம தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு மட்டும் என்ன குறைச்சல்?

1. அனுமதி: மண் தமிழ்நாட்டுடையது, 1956-இல் குமரி இந்தப் பக்கம் வந்தபிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஆகவே சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் மாறிமாறி நடக்கத் தெம்பு வேண்டும்.

2. வயது: விளம்பரத்தில் 1601 என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிய அளவில் திருத்திக் கட்டியதைப் பொடி எழுத்தில் போட்டால் போதும். பழசாக ஆக வாடகை ஏறும்.

3. குறைகள்: எந்தக் குறைக்கும் ஒரு பெயர் உண்டு. குனிந்து நுழையும் வாசல், 'அரச மரியாதை'. செங்குத்தான மரப்படி, 'பாரம்பரிய உடற்பயிற்சி'. ஏசி இல்லையா? 'மன்னர் சுவாசித்த காற்று'.

4. சாப்பாடு: ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு இலை போடலாம். அன்று ராஜா செலவில் பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு. நீங்கள் அங்கே நாலு மேசை போட்டு, கிண்ணத்தில் ஒரு கரண்டி அவியல் வைத்து, 'ராஜ விருந்து' என்று பில் எழுதுங்கள்.

5. கட்டில்: அறுபத்துநாலு மூலிகை மரங்களால் ஆனதாகச் சொல்லப்படும் ராஜாவின் கட்டில் அங்கே இருக்கிறது. படுத்தால் நோய் தீருமாம். காலையில் பில்லைப் பார்த்தவர் மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வார்.

6. தரை: இங்கேதான் யோசனை முட்டுகிறது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும். செருப்பை வெளியே விட்டு நடந்தால் உள்ளங்கால் குளிரும். அதன்மேல் சக்கரப்பெட்டியை உருட்டினால் ஒரு சீசனுக்குத் தாங்குமா?

எனவே கடைசி யோசனை: விட்டுவிடுங்கள், அண்ணாச்சி. இன்று டிக்கெட் எடுத்தால் பள்ளிக்கூடப் பிள்ளையும் பால்காரரும் ராஜா நடந்த தரையில் நடக்கலாம். ஓட்டலானால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பணம் கையைக் கடித்தால் நாகர்கோவிலில் புதுசாக ஒன்று கட்டுங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாளில் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.